கொற்கையிலிருந்து வந்த கோடி

எங்கள் ஆட்களில் ஒரு பெண் எந்த வயதில் இறந்தாலும், அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை வந்து அவள் மேல் விழ வேண்டும். கோடி என்போம். அது வராமல் பாடை எழும்பினால், நாதியில்லாதவளைத் தூக்கிப் போனார்கள் என்று தெரு பேசும். செத்தவளுக்கு அது கேட்காது. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே அதே தெருவில் மிச்ச காலம் நடக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான்.

என் ஆச்சி ஆறுமுகத்தாய் கொற்கையில் பிறந்தவள், முத்தையாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். என் தகப்பனாரைப் பெற்றவள். நான் பிறந்த அன்றே என் தாய் போய்விட்டாள். தகப்பனார் கொழும்புக்குக் கப்பலேறி, அங்கே வேறு குடும்பம் கட்டிக்கொண்டு, அங்கேயே செத்தார். அதற்கு முன்பே தாத்தாவும் இல்லை. பசும்பாலைத் துணியில் நனைத்து என் வாயில் பிழிந்து வளர்த்தவள் ஆச்சி. நான் அவளை அம்மா என்று கூப்பிட்டால் அடிப்பாள். "உன்னப் பெத்தவ ஒருத்தி இருந்தாலே. அவ இடத்த எனக்குக் குடுக்காத" என்பாள்.

எனக்கு ஆறோ ஏழோ வயதிருக்கும்போது கொற்கையில் ஆச்சியின் அண்ணன் வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு வந்தபோது, சின்னப் பையன்களெல்லாம் முன்னால் ஓடினார்கள், நானும் ஓடினேன். அண்ணன் பெண்டாட்டி என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "தாயத் தின்னது முன்னால நிக்கக் கூடாது" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது, இறக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

ஆச்சி பந்தியில் இருந்தாள். இலையில் பாதிச் சோறு இருந்தது. எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். அவள் கையில் சாம்பார் காய்ந்திருந்தது. அவள் அண்ணன் செம்பில் தண்ணீரோடு தெருமுனை வரை ஓடி வந்தார். "கையையாவது கழுவிட்டுப் போ தாயி" என்றார்.

"இந்த வீட்டுத் தண்ணி இனி என் தொண்டையில எறங்காது. கையிலயும் படாது" என்றாள் ஆச்சி.

ஊருக்கு வெளியே வாய்க்காலில்தான் கை கழுவினாள். எனக்கு முகம் கழுவிவிட்டாள். அன்று முதல் அவளும் கொற்கைக்குப் போகவில்லை, அவர்களும் இங்கே வரவில்லை. அண்ணன் செத்தபோதுகூட அங்கே போகாமல், இங்கே கிணற்றடியில் தலைமுழுகினாள். எங்கள் வீட்டில் சொன்ன சொல்லுக்கு அப்படித்தான் மதிப்பு. நான் அதைப் பார்த்து வளர்ந்தவன். என் பெருமை எதுவென்று யாராவது கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்: எனக்காக ஒருத்தி தான் பிறந்த வீட்டையே அறுத்துப் போட்டாள்.

நான் வேலைக்குப் போனது தூத்துக்குடித் துறைமுகத்தில். அப்போது பெரிய கப்பல்கள் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். தோணியில்தான் சரக்கு போகும். தோணியில் ஏறும் ஒவ்வொரு பஞ்சுப் பொதியிலும், ஒவ்வொரு சிப்பத்திலும் மார்க்கா போட வேண்டும். தகரத்தில் வெட்டிய எழுத்தைப் பொதிமேல் வைத்துக் கறுப்பு மையைத் தேய்க்கிற வேலை. உப்புத் தண்ணீரில் விழுந்தாலும் அழியாத மை. என் வலது பெருவிரல் எப்போதும் கறுத்தே இருக்கும். மார்க்காக்காரர்களுக்கு மேஸ்திரியாக என்னை வைத்த அன்று, வேலை முடிந்து கடைக்குப் போய் ஆச்சிக்கு ஒரு சேலை எடுத்தேன். வெள்ளைச் சேலை, சுண்டுவிரல் அகலத்துக்குப் பச்சைக் கரை. நூல் அவ்வளவு நைசு. கையில் மை இருந்ததைக் கவனிக்கவில்லை. வீட்டில் வந்து பிரித்தால் உள்முந்தியின் மூலையில் என் பெருவிரல் பதிந்திருந்தது.

ஆச்சி அதைப் பார்த்துச் சிரித்தாள். "பொதிக்கு மார்க்கா போட்டுக் கப்பலுக்கு அனுப்புற மாதிரியில்லா கொண்டாந்திருக்க. என்னை எந்தச் சீமைக்குலே அனுப்பப் போற?"

"வேற மாத்தித் தாரேன்" என்றேன்.

"தொட்டேன்னா கைய முறிச்சிருவேன்" என்று பிடுங்கிப் பெட்டியில் வைத்தாள்.

அவள் அதைக் கட்டவேயில்லை. தைப்பொங்கலுக்குக் கட்டுவாள் என்று பார்த்தேன். கோயில் கொடைக்குக் கட்டுவாள் என்று பார்த்தேன். கடைசியில் ஒருநாள் கேட்டேன். "பிளாரன்ஸ் மவளுக்குக் கல்யாணம்னா. அவுக வேதத்துல வெள்ளைச் சேலைதான் கட்டணுமாம். குடுத்துட்டேன்" என்றாள்.

பிளாரன்ஸ் எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் இருந்தவள். கருவாட்டுக் கூடையைச் சுமந்துகொண்டு ஏரல், கொற்கைப் பக்கம் போய் நெல்லுக்கு மாற்றி வருவாள். ஆச்சியும் அவளும் ஒரே வெற்றிலையைக் கிழித்துப் போடுகிறவர்கள். கொடுத்தது ஆச்சி, கொடுக்க அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்குப் பிறகு பிளாரன்ஸ் எதிரே வந்தால் நான் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போவேன். பேச்சு குறைந்துவிட்டது. அப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் போயிற்று.

பங்குனி வெயிலில் ஆச்சி படுத்தாள். கஞ்சி இறங்கவில்லை. மூன்றாம் வாரம் என்னைக் கூப்பிட்டு, "கொற்கைக்குச் சொல்லி விடு" என்றாள்.

"வரமாட்டாவ ஆச்சி."

"வருவாவ. எங்க அண்ணன் மவன் பேச்சிமுத்து வருவான். கோடி கொண்டாருவான்."

"நாம யாருகிட்டயும் கேட்டு நிக்க வேண்டாம். கோடிய நான் எடுத்துப் போடுதேன்."

"நீ போட்டா பேரன் போட்டதுன்னு பேரு. பெறந்த வீட்டுக் கோடி ஆவாதுலே." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "தெருமுனையில போயி நீதான் கூப்பிடணும். கையக் கட்டிக்கிட்டு வெறைச்சிக்கிட்டு நிக்காத. கும்பிடணும். என்ன, கேக்கா?"

என் கையைப் பிடித்துப் பெருவிரலைத் தடவிக்கொண்டே இருந்தாள். "மை போகவே இல்ல பாரு" என்றாள். அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மறுநாள் விடியும்போது மூச்சு நின்றிருந்தது.

கொற்கைக்கு ஆள் அனுப்பினேன். எனக்கு மனமில்லை, ஆனால் அவள் சொல்லிவிட்டாள். மற்ற எல்லாம் முறைப்படி நடந்தது. நீர்மாலைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து குளிப்பாட்டினோம். வெயில் ஏறியது. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் வீதியைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

"கொற்கைக்காரங்க வாராவளா, வரலியா?" என்று ஒருவர் கேட்டார்.

"அவுக ரெண்டு வீட்டுக்கும் பச்சத்தண்ணி கெடையாதுல்லா. எங்க வர?" என்றார் இன்னொருவர்.

"அப்ப கெழவி அப்படியே போக வேண்டியதுதான்."

என் காதில் விழட்டும் என்றே பேசினார்கள். நான் ஆச்சியின் தலைமாட்டில் நின்றேன். நகரவில்லை.

உச்சி நேரத்தில் தெருமுனையில் கொட்டுச் சத்தம் கேட்டது. பந்தலில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கொற்கைக்காரர்கள் வந்துவிட்டார்கள். முன்னால் கொட்டுக்காரர்கள், பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர், நடுவில் பித்தளைத் தாம்பாளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண். தாம்பாளத்துக்கு மேல் துண்டு போட்டு மூடியிருந்தது. பேச்சிமுத்து மாமா வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக நடந்து வந்தார். நான் அவரைப் பார்த்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் தகப்பனாரின் அதே மூக்கு. தாயாரின் அதே வாய்.

நான் தெருமுனைக்குப் போனேன். இரண்டு கையையும் கூப்பினேன். "வாங்க மாமா" என்றேன்.

கொட்டு நின்றது. பேச்சிமுத்து மாமா என் முகத்தைப் பார்க்காமல் கொட்டுக்காரனைப் பார்த்து, "யாரோ கூப்பிட்ட மாதிரி கேட்டுது. யாருலே?" என்றார்.

அவரோடு வந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். எங்கள் தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் என் கீழ் வேலை பார்க்கும் ஆட்களும் நின்றார்கள். வெள்ளைக்கார ஏஜெண்டு காலத்திலிருந்து நான் யாருக்கும் குனிந்ததைப் பார்க்காதவர்கள். நான் இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

"ஆச்சிக்குக் கோடி போட வாங்க மாமா" என்றேன்.

"அப்படிச் சொல்லும் மருமவனே. அது மொறை" என்றார். கொட்டு மறுபடி தொடங்கியது.

பெண்கள் குலவையிட்டுத் தாம்பாளத்தை இறக்கினார்கள். பேச்சிமுத்து மாமா துண்டை எடுத்தார். வெள்ளைச் சேலை. சுண்டுவிரல் அகலத்துக்குப் பச்சைக் கரை. அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தக் கரை எத்தனையோ சேலையில் உண்டு. இரண்டு பெண்கள் பிரித்தபோது மடிப்பு மடிப்பாக மஞ்சள் பழுத்திருந்தது தெரிந்தது.

"மடிப்புப் பழுத்திருக்கே. எத்தன வருசமா கடையில கெடந்த சரக்கோ?" என்றாள் எங்கள் தெருக் கிழவி ஒருத்தி.

"பழைய நூலு. இப்ப வாரதெல்லாம் துணியா? கொற்கைக்காரங்க மட்டமான துணி எடுக்கமாட்டோம்" என்றார் மாமா.

சேலையை ஆச்சியின் மேல் விரித்தார்கள். உள்முந்தி என் பக்கம் வந்து விழுந்தது. அதன் மூலையில் என் பெருவிரல் இருந்தது. ரேகை ரேகையாக, கறுப்பு கொஞ்சமும் மங்காமல்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். காலைத் தொட்டுக் கும்பிட வந்த பெண்களுக்கு நடுவில் பிளாரன்ஸ் நின்றாள். முக்காட்டை வாயில் கவ்விக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் கண்ணால் கூப்பிட்டேன். மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் வந்தாள்.

"உன் மவ கல்யாணத்துக்குக் குடுத்த சேலைதான அது?" என்றேன்.

"என் மவ கட்டினது பட்டு, தம்பி. அவ மாமன் எடுத்துக் குடுத்தது. உங்க வீட்டுச் சேல எங்க வீட்டுக்கு வரவே இல்ல."

"பெறவு எப்படி அது கொற்கைக்குப் போச்சு?"

"ஆச்சிதான் கொண்டு போனா. நான் கருவாடு விக்கப் போறப்ப கூட வந்தா. அவ அண்ணன் அப்ப இருந்தாரு. தெருமுனையிலயே நின்னுக்கிட்டு அவரக் கூப்பிட்டு விட்டா. வீட்டுக்குள்ள கால் வைக்கல. அவரு தண்ணி கொண்டாந்தாரு. வேண்டாம்னுட்டா. அந்த வெயில்ல நாக்கு ஒட்டிப் போச்சு, தம்பி. எங்கிட்ட இருந்த தண்ணியத்தான் வாங்கிக் குடிச்சா."

"என்ன சொல்லிக் குடுத்தா?"

"நான் செத்தா இதக் கொண்டாந்து போடுங்க. நீங்க எடுத்த மாதிரிப் போடுங்க. எம் பேரன் தெருவுல தலகுனியக் கூடாதுன்னா. அவரு அழுதாரு. நான் புதுசு எடுத்துப் போடுதேன் தாயின்னாரு. உங்க துணி என் மேல பட வேண்டாம், ஆனா இந்தச் சேல உங்க கையாலதான் விழணும்னா. இந்தப் பேச்சிமுத்து பக்கத்துலதான் நின்னான். அவனுக்கு எல்லாம் தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மாதா மேல சத்தியம் வாங்கிட்டா." பிளாரன்ஸ் கண்ணைத் துடைத்தாள். "பன்னெண்டு வருசமா நீ எம் மொகத்தப் பாத்துப் பேசல. நான் சொன்னேனா?"

நான் பந்தலுக்குத் திரும்பினேன். பேச்சிமுத்து மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருவின் பெரிய ஆட்கள் அவரைச் சுற்றி இருந்தார்கள். பகையை மறந்து கோடி கொண்டுவந்த மனிதர் என்று அதற்குள் பேராகியிருந்தது. ஒருவர் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

அந்தச் சேலையைப் பிடித்து இழுத்து மூலையை விரித்து, என் பெருவிரலைப் பக்கத்தில் வைத்துக் காட்ட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? துறைமுகத்து ஆட்கள் அங்கேயே நின்றார்கள். அந்த மை எதுவென்று அவர்களுக்குத் தெரியும். மாமா அதற்குப் பிறகு அந்தத் தெருவில் காலெடுத்து வைக்க முடியாது. ஆனால் மாமா போன பிறகு தெரு எதைப் பேசும்? ஆறுமுகத்தாய் தன் கோடியைத் தானே கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிக்கொண்டாள் என்று பேசும். பிறந்த வீட்டில் போடுவாரில்லை என்று பேசும். எந்தப் பேச்சு வரக்கூடாதென்று அவள் அந்த வெயிலில் தெருமுனையில் நாக்கு வறண்டு நின்றாளோ, அதை என் வாயாலேயே நான் அவள் பிணத்தின் மேல் போட்டவனாவேன்.

மாமா என்னைப் பார்த்தார். "என்ன மருமவனே, கோடி எப்படி?" என்றார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"நல்ல சேலை மாமா" என்றேன்.

"நல்ல சேலைன்னு ஒத்த வார்த்தைல முடிச்சிட்டீரே. தூத்துக்குடி பூரா அலசி எடுத்தது."

"தெரியுது மாமா. தூத்துக்குடிச் சேலைதான்."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு விசிறுகிறவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுடுகாட்டில் வரட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். ஆச்சியை இறக்கி வைத்ததும், மேலே கிடந்த துணிகளை எடுக்கச் சுடுகாட்டு ஆள் கையை நீட்டினான். அந்தத் துணிகள் அவனைச் சேர வேண்டியவை, வழக்கம் அப்படி. மாலையை எடுத்தான், மற்ற உறவுக்காரர்கள் போட்ட துணிகளை எடுத்தான். பச்சைக் கரைச் சேலையில் கை வைத்தபோது, "அத விடு" என்றேன்.

"கோடிய எடுக்கணும்லா அண்ணாச்சி?"

"அது அவளோட போகட்டும். உனக்கு வேற எடுத்துத் தாரேன்."

பேச்சிமுத்து மாமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நிஜமாகவே நிறைந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாத்துக்கிடுங்க. எங்க வீட்டுக் கோடிக்கு மருமவன் குடுக்க மரியாதையப் பாத்துக்கிடுங்க. எடுக்க விடமாட்டேங்காரு" என்றார். கூட்டம் தலையாட்டியது.

நான் குனிந்து முந்தியின் மூலையைத் தேடி எடுத்தேன். மை பட்ட இடத்தை ஆச்சியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கப் பார்த்தேன். விறைத்துவிட்டிருந்தன, மடங்கவில்லை. கையை லேசாகத் தூக்கி அதன் அடியில் செருகினேன். யாருக்கும் தெரியவில்லை. வைக்கோலைப் பரப்பி மண் பூசினார்கள். கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன், அதுவும் முறைதான்.

வீட்டுக்கு வந்ததும், பிறந்த வீட்டுக்காரர்களுக்கு முதலில் மோர் கொடுக்க வேண்டும். நானே செம்பில் கொண்டுபோனேன். மாமா அண்ணாந்து மடமடவென்று குடித்தார். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் விட்டுக் கடைந்த மோர். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது என் தோளில் கையை வைத்தார். அவர் தாயார் ஒருநாள் பிடித்து இழுத்த அதே தோள்.

"பழசையெல்லாம் மனசுல வச்சுக்கிடாதீரும். எங்க அத்தை வீம்புக்காரி. ஒண்ணுமில்லாத பேச்சுக்கு ஒறவ முறிச்சிட்டுப் போனா" என்றார். சுற்றி இருந்தவர்களுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "போட்டும். நாங்க அவள மன்னிச்சாச்சு."

பிளாரன்ஸ் வாசலில் கூடையோடு நின்று இதைக் கேட்டாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் மோர் குடிங்க மாமா" என்று சொல்லிச் செம்பை நிறைத்தேன்.